‘பாப்பம்’ என்ற பொத்தான்

1

பேர்கனில் நான் வேலைக்குச் சேர்ந்து பதினைந்து வருடம் நிறைந்த அன்று என் மேசையில் ஒரு கேக்கும் பூங்கொத்தும் வைத்திருந்தார்கள். நோர்வேஜியர்கள் இதையெல்லாம் மறக்கமாட்டார்கள். கேக்கை வெட்டிக்கொண்டே என் மேலதிகாரி, கோடை விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று கேட்டார். திருகோணமலைக்கு என்றேன். கடற்கரையில் படுத்துக் கிடக்கவா என்றார். இல்லை, ஒரு தரவுத்தளம் நிறுவப் போகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடுவதாக நினைத்துவிட்டார்கள்.

பகிடி இல்லை. வருடம் முழுக்க இங்கே செய்கிற அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் மின்விசிறிக்குக் கீழே இருந்து செய்வதற்காகத்தான் விமானச் சீட்டு எடுத்திருந்தேன். காரணம் பவானி அக்கா.

அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபின் என்னை வளர்த்தவர். திருகோணமலை உட்துறைமுகக் கரையில், மீன்பிடிப் படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையின் கந்தோரில் இளவயதிலேயே வேலைக்குச் சேர்ந்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். அவருடைய வேலை முறை கொடுப்பது. இறக்கக்கண்டியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் இலங்கைத்துறையிலிருந்தும் படகுக்காரர்கள் வருவார்கள். யாருடைய படகை எப்போது கரையேற்றுவது என்று சொல்வது அக்கா.

பட்டறையின் முதலாளி காலமானபின் அவருடைய மகன் ரமணன் கொழும்பிலிருந்து நிர்வாகத்தைப் பார்க்கிறார். அவரும் திருகோணமலையில் பிறந்தவர்தான். ஆனால் கொழும்பில் இருக்கும் முகாமையாளர், முறை கொடுக்கிற வேலையைத் தலைமைக் கந்தோருக்கு மாற்றிவிட்டுத் திருகோணமலைக் கந்தோரை மூடிவிடலாம் என்று யோசனை வைத்தார். ரமணன் ஒரு மாதம் தவணை கேட்டார். வேலைகளைக் கைமாற்றிக் கைமாற்றி நடத்தும் ஒரு மென்பொருளை நிறுவுவோம், திருகோணமலை அதில் ஒழுங்காக நடக்கிறதா பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். கந்தோரை மூடினால் அக்காவுக்குக் கொழும்புக் கந்தோரில் ஒரு கதிரையும் வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"கொழும்பில போய் நான் ஆரோட கதைக்கிறது?" என்று அக்கா தொலைபேசியில் கேட்டார். அக்கா எதையும் வாய்விட்டுக் கேட்பவர் அல்ல. அந்த ஒரு வசனமே எனக்குப் போதுமாக இருந்தது.

2

தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இப்படியான மென்பொருளில் ஒரு வேலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குத் தானாகவே போகும். படகுக்காரர் கேட்பார், அக்கா ஓம் அல்லது இல்லை என்பார். ஓம் என்றால் மேஸ்திரிக்குப் போகும், பிறகு சாமான் களஞ்சியத்துக்குப் போகும், கடைசியில் கொழும்புக்குப் போகும். எது யாரிடம் நிற்கிறது என்பதை அந்த மென்பொருள் நினைவு வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் தரவுத்தளம். ஒரே கணினியில் வேறு வேலைகளோடு கலக்காமல், தனி நினைவகமும் தனி வாசலும் தனி உரிமையாளரும் கொடுத்து ஒரு தரவுத்தளத்தை ஓடவிடுவதை இன்ஸ்டன்ஸ் என்போம். ஒரே வளவுக்குள் கலியாணமான மகளுக்கு வேறு குசினி, தனிச் சமையலறை, கட்டிக் கொடுப்பதுபோல.

சேர்வரைச் சாமான் களஞ்சியத்துக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறையில் வைத்தோம். டீசலும் படகுப் பூச்சும் சேர்ந்து மணக்கும் அறை. சேர்வர் வந்த மட்டைப்பெட்டியை வாசலில் போட்டிருந்தோம். திரும்பிப் பார்ப்பதற்குள், திருகோணமலைத் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று வந்து அதில் பாதியைத் தின்றுவிட்டது. காவலாளி, "அது இப்பதான் தொடங்கினது, நாளைக்கு மிச்சத்துக்கும் வரும்" என்று சொல்லிவிட்டுத் தன் பேப்பரைப் படித்தார்.

முதலில் இன்ஸ்டன்ஸுக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கினேன். பிறகு தரவுத்தளங்களை: ஓடுகிற வேலைகளுக்கு ஒன்று, முடிந்தவற்றின் கணக்குகளுக்கு ஒன்று, பொதுவானவற்றுக்கு ஒன்று. எழுத்துத் தொகுதியைத் தொடக்கத்திலேயே சரியாகத் தெரிவு செய்யவேண்டும். பிறகு மாற்றுவது பெரும்பாடு. அதைத் தவறவிட்டால், தமிழில் ஒரு பெயரை எழுதும்போது வெறும் கேள்விக்குறிகள் வரும். பேர்கனில் இந்தக் கவலை வருவதில்லை. அங்கே ஒரே ஓர் எழுத்துக்குத்தான் தலையில் வட்டம் இருக்கும்.

கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது. மூன்றாம் நாள் எல்லாம் ஓடியது. படகுக்காரர்கள் கைத்தொலைபேசியில் கேட்கலாம், அல்லது வாசலில் இருக்கும் கணினியில் கேட்கலாம். அக்காவின் திரையில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்று பச்சை, அனுமதி. மற்றது சிவப்பு, நிராகரிப்பு.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "நல்ல வடிவாயிருக்கு" என்றார். பிறகு எனக்கு மீன் வாங்கப் போய்விட்டார்.

3

நோர்வேக்கு வந்த புதிதில் எனக்கு மிகவும் பயம் தந்தவை அங்கே வரும் கடிதங்கள்தான். ஒவ்வொரு அலுவலகமும் இல்லை என்பதை அத்தனை அழகாக அச்சடித்து அனுப்பும். உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுள்ளது, இன்ன சட்டத்தின் இன்ன பிரிவின்படி, மேன்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு, அன்புடன். அன்புடன் என்று போட்டவர் என்னை ஒருநாளும் கண்டதில்லை. முதல் கடிதம் வந்தபோது நான் சமைக்காமல் படுத்துவிட்டேன். பிறகு பழகிப்போனது. மேன்முறையீட்டில் இரண்டு தரம் வென்றும் இருக்கிறேன்.

என் பக்கத்திலும் பிழைகள் இருந்தன. மகளின் பாலர் பாடசாலையில் கொண்டாட்டத்துக்கு எழுபது கோழிச் சமோசா செய்து தருவாயா என்று கேட்டார்கள். எனக்கு அந்த வாரம் தலைக்கு மேலே வேலை. "பார்க்கலாம்" என்று நோர்வேஜிய மொழியில் பணிவாகச் சொன்னேன். நம் ஊரில் யாரும் அதற்குமேல் கேட்கமாட்டார்கள். கொண்டாட்ட நாள் காலை என் பெயரெழுதிய வெற்று மேசை ஒன்று எனக்காகக் காத்திருந்தது.

மகள் அபிராமிக்கு இந்தத் தொல்லை இல்லை. பதினாறு வயது. உறவினர் வீட்டில் இரண்டாம் தரம் இடியப்பம் வைக்கப் போனால் கையால் தட்டைக்கூட மறைக்காமல், "வேணாம், போதும்" என்பாள். வைக்கப் போனவர் அகப்பையோடு திகைத்து நிற்பார். நான் காரில் வரும்போது அவளுக்குச் சொல்வேன், கொஞ்சம் இழுத்துச் சொல்லலாமே என்று. "அம்மா, எனக்கு வேணாம் எண்டால் வேணாம்தானே" என்பாள். அவள் சொல்வதில் பிழையில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு, இவள் என் பிள்ளை, ஆனால் என் ஊர்ப் பிள்ளை இல்லை என்று தோன்றும்.

4

கிண்ணியாவிலிருந்து ஹனீபா காக்கா வந்தார். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். பெரிய பலநாள் படகு அவருடையது. வாடைக் காற்றும் மழையும் தொடங்குவதற்கு முன்னர் கரையேற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார். முறைகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. அக்கா அவருக்குப் பிளேன்டீ கொடுத்தார். மகளின் பிரசவம் பற்றிக் கேட்டார். மருமகனின் வேலை பற்றிக் கேட்டார்.

"அப்ப மிஸ், நம்மட போட்டு?" என்றார் காக்கா.

"பாப்பம் காக்கா" என்றார் அக்கா. "நாளண்டைக்கு ஒருக்கா எட்டிப் பாருங்கோவன்."

காக்கா கோப்பையை வைத்தார். "அப்ப சரி மிஸ். நான் வாறன்" என்று எழுந்தார். வாசலில் நின்று தன் ஆட்களுக்குத் தொலைபேசி எடுத்து, படகை இன்னொரு தரம் கடலுக்கு விடும்படி சொல்வது எனக்குக் கேட்டது. அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் அக்காவின் திரையில் அவருடைய கேள்வி அப்படியே திறந்து கிடந்தது.

"அக்கா, அவருக்கு முறை இல்லைத்தானே. சிவப்பை அமத்துங்கோ."

அக்கா என்னைப் பார்த்த பார்வை! "என்ன கதை கதைக்கிறாய் நீ? இப்பதானே மனுசன் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகுது."

"அவருக்குத்தான் விளங்கிட்டுதே."

"அவருக்கு விளங்கினது காணும். மிசினுக்கு ஏன் சொல்ல வேணும்?"

நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அங்கேதான் பிழை நடந்தது. நான் இன்ஸ்டன்ஸுக்கு இடம் ஒதுக்கியது பேர்கன் கணக்கில். பேர்கனில் ஒரு கேள்வி வந்தால் ஓரிரு நாளில் ஓம் அல்லது இல்லை என்று முடிந்துவிடும். முடிந்ததைத் தரவுத்தளம் இரவில் துடைத்துவிடும். முடியாதவற்றுக்கு மணிக்கு ஒரு நினைவூட்டல் போகும், அந்த நினைவூட்டலும் ஒரு பதிவாகும். திருகோணமலையில் ஒருவரும் சிவப்பை அமத்தவில்லை. அக்கா மாத்திரமில்லை. மேஸ்திரியும் அமத்தவில்லை, களஞ்சியக்காரரும் அமத்தவில்லை. இல்லை என்று முடிந்த கேள்விகள் எல்லாம் திறந்தே கிடந்தன. நினைவூட்டல்கள் ஒவ்வொரு மணியும் போய்க்கொண்டே இருந்தன.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பதிவு எழுதும் இடம் நிரம்பி இன்ஸ்டன்ஸ் நின்றுவிட்டது. காலையில் கந்தோருக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ரமணன்.

"அக்கா, இஞ்ச ஒண்டும் திறக்குதில்லை" என்றார். அக்கா தொலைபேசியைச் சத்தமாக வைத்திருந்தார். "நேற்றுப் பார்த்தனான், அரைவாசிக்கு மேல முடிவில்லாமல் கிடக்கு. மனேஜர் சொல்லுறார், திருகோணமலையில ஒருத்தரும் வேலை செய்யிறேல்லையாம். நான் அவருக்கு என்ன பதில் சொல்லுறது?"

அக்காவின் முகம் கறுத்துப்போயிற்று. இத்தனை வருடத்தில் அவரைப் பார்த்து வேலை செய்யவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. "நான் திருத்தித் தாறன் தம்பி, பின்னேரம் கதைக்கிறன்" என்று நான்தான் சொன்னேன்.

5

நின்ற இன்ஸ்டன்ஸை எழுப்புவது பெரிய வித்தையில்லை. பதிவுக் கோப்புகளைப் பெரிய வட்டுக்கு மாற்றி, அளவைக் கூட்டி, மறுபடி தொடக்க வேண்டும். கோப்புகள் நகரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் இருவரும் அந்த டீசல் மணக்கும் அறையில் ஒரு வாங்குப் பலகையில் இருந்தோம். வெளியே யாரோ படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது. "ஒரு இல்லை எண்டு சொல்லுறதுக்கு என்னக்கா கஷ்டம்? அங்க சின்னப் பிள்ளையளே சொல்லுதுகள்" என்று கேட்டேன்.

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார்.

"அங்க நீ இல்லை எண்டு சொன்னா உன்ர கந்தோர் உனக்குப் பின்னால நிக்கும். அரசாங்கம் நிக்கும். இஞ்ச நான் ஹனீபா காக்காவுக்கு இல்லை எண்டு சொன்னா, சொன்னது கம்பனி இல்லையடி, நான். நாளைக்கு மீன்கடையில அவற்ற முகத்தில முழிக்கிறது நான். பாப்பம் எண்டு சொன்னா அவருக்கும் மானம் போகாது, எனக்கும் போகாது. அடுத்த வருசம் அவர் திரும்பி வருவார்."

"ஆனா இப்ப உங்கட வேலையெல்லோ போகப் போகுது."

"போனால் போகட்டும். உன்னைப் படிப்பிச்சதும் அப்பிடித்தான்."

எனக்கு விளங்கவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"மாமா மாசத்துக்கு ஒருக்கா வருவார், ஞாபகம் இருக்கே?"

இருந்தது. மாமா வருவார், வெள்ளைச் சேட்டுப் போட்டிருப்பார். அக்கா தேநீர் போடுவார், நான் அறைக்குள் படித்துக்கொண்டிருப்பேன். அவர் சும்மா எங்களைப் பார்க்க வருகிறார் என்றுதான் அத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"உனக்குக் கலியாணம் பேசிக்கொண்டு வாறவர். கம்பஸ் படிப்பை நிப்பாட்டச் சொல்லி. ஒவ்வொரு முறையும் வேற ஒரு மாப்பிள்ளை. நாங்கள் இருந்தது அவர் சும்மா இருக்க விட்ட வீட்டில. இல்லை எண்டிருந்தா அடுத்த நாளே வெளிக்கிட வேணும், ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளும் எங்க போறது? ஓம் எண்டிருந்தா உன்ர படிப்பு முடிஞ்சுது. நான் தேத்தண்ணியைக் குடுத்து, பாப்பம் மாமா எண்டு சொல்லி அனுப்பினனான். நீ கடைசிச் சோதினை எழுதி முடிக்கிறவரைக்கும் பாப்பம், பாப்பம் எண்டே சொல்லிக்கொண்டிருந்தனான்."

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே அக்கா."

"சொன்னா நீ போய் அவரோட சண்டை பிடிச்சிருப்பாய். உனக்கு அப்பவே வாய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா பார்க்காததுபோல் சேர்வரின் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேர்கனில் என் மேசை, என் சம்பளம், அபிராமி தட்டை மறைக்காமல் போதும் என்று சொல்கிற அந்தத் துணிவு, எல்லாம் இந்தப் பெண் மாதாமாதம் போட்டுக் கொடுத்த தேநீரில் வந்தது. இல்லை என்று சொல்ல எனக்கும் என் மகளுக்கும் முடிகிறது என்றால், அதைச் சொல்ல முடியாத இடத்தில் ஒருவர் எனக்காக நின்றிருக்கிறார். எங்கள் வீட்டில் நன்றி சொல்கிற பழக்கம் இல்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்து, "கோப்பு முடிஞ்சுதா பார்" என்றார்.

6

முடிந்திருந்தது. இன்ஸ்டன்ஸ் ஓடியது. இனி அக்காவைத் திருத்துவதில்லை, மென்பொருளைத் திருத்துவது என்று தீர்மானித்தேன்.

பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே மூன்றாவது பொத்தான் ஒன்று போட்டேன். மஞ்சள் நிறம். பாப்பம். அதை அமத்தினால் நினைவூட்டல் நிற்கும். கொழும்புத் திரையில் அது முடிவில்லாமல் கிடக்கும் வேலையாகத் தெரியாது, பதில் சொல்லப்பட்ட வேலையாகத் தெரியும். எப்போது மறுபடி பார்ப்பது என்று ஒரு திகதி கேட்கும் கட்டத்தையும் வைத்தேன்.

"திகதி கேக்காதை" என்றார் அக்கா உடனே. "திகதி போட்டா அது வாக்கு. காத்து மாறினால் நான் என்ன செய்யிறது?"

"அப்ப என்ன கேக்கிறது?"

"எதுக்குப் பிறகு எண்டு கேள். அவையளும் அதைத்தானே கேக்கிறவை."

அது உண்மைதான். ஆகவே திகதியை எடுத்துவிட்டு, ‘எதற்குப் பிறகு’ என்று கட்டத்தை மாற்றினேன். அக்காவும் மேஸ்திரியும் சேர்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். வாடைக்குப் பிறகு. ஏறின படகு இறங்கின பிறகு. எஞ்சின் சாமான் வந்த பிறகு. மகளின் கலியாணத்துக்குப் பிறகு, இது மேஸ்திரி சொன்னது. இதில் எதுவும் இல்லையென்றால் தாங்களே எழுதலாம்.

பின்னேரம் ரமணனிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் "அப்பா இருக்கேக்க இப்பிடித்தான் நடந்தது" என்று மட்டும் சொன்னார். முடிவு மாதக் கடைசியில்தான் என்றார்.

அந்த வாரம் முழுக்க மஞ்சள் பொத்தான் ஓயவில்லை. களஞ்சியக்காரர் அதைக் கண்டுபிடித்தவுடன் அவருடைய முகமே மாறிவிட்டது. ஹனீபா காக்காவின் கேள்விக்கு அக்கா முதல் ஆளாக அமத்தினார்: ஏறின படகு இறங்கின பிறகு. கொஞ்ச நேரத்தில் காக்காவே தொலைபேசி எடுத்தார். "மிஸ், இப்ப எனக்கி வெளங்கிட்டு. நான் கடலுக்குப் போயிட்டு வாறன். வந்து பாக்கிறன்." இன்ஸ்டன்ஸ் ஒருதரமும் நிற்கவில்லை.

7

மாதக் கடைசி. மறுநாள் எனக்கு விமானம். அக்கா கந்தோரில் இருந்து தினசரி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் கதிரை போட்டிருந்தேன். ரமணனின் முடிவு வரவேண்டிய நாள். மேசையில் இருந்த பணிஸ் ரொட்டியை இருவரும் தொடவில்லை.

கந்தோரை மூடுகிற யோசனையை முகாமையாளர் இதே மென்பொருளுக்குள்தான் போட்டிருந்தார். ரமணன் பதில் சொல்ல வேண்டும். சொன்னவுடன் அக்காவுக்கும் தெரியவரும்.

பத்து மணிபோல திரையில் ஒரு வரி வந்தது. அக்கா கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. நான் சொல்லவில்லை, எனக்கே படிக்கப் பயமாக இருந்தது. பிறகு இருவரும் சேர்ந்து படித்தோம்.

திருகோணமலைக் கந்தோரை மூடுதல்: பாப்பம்.

"எதுக்குப் பிறகாம்?" என்று அக்கா கேட்டார்.

நான் அடுத்த கட்டத்தைத் திறந்தேன். எங்கள் தெரிவுகளில் எதையும் ரமணன் எடுக்கவில்லை. தானே தட்டச்சு செய்திருந்தார்: பவானி அக்கா ஓய்வெடுத்த பிறகு.

அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கதிரையில் சாய்ந்து, நான் கண்டிராத அளவுக்குச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. மேஸ்திரி கை நிறைய எண்ணெயோடு வாசலுக்கு ஓடிவந்து என்ன என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை மேஸ்திரி" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் இனிச் சாகிறவரைக்கும் ஓய்வெடுக்கேலாதாம்."